அந்த வண்டியை இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள்



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலே வீட்டுக் கோடியிலோ மாட்டுக்கொட்டிலிலோ மாமரத்துக்குக் கீழேயோ ஓடாத பழைய ஹொண்டா ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த மடல்.

போன பங்குனியிலே புதுக்குடியிருப்பு வீதியால் வந்துகொண்டிருந்தேன். பழைய இரும்பு ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று முன்னாலே போனது. உடைந்த தண்ணீர்ப் பம்புகள், கூரைத் தகரம், கட்டில் சட்டங்கள், எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு எம்.டி.90 ஒன்று தலைகீழாகக் கட்டிக் கிடந்தது. முன்சில்லு காற்றிலே சுழன்றுகொண்டே வந்தது. மறித்துக் கேட்டேன். விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டிலே நிறைக்கு வாங்கினதாம். ஏறி நின்று கிக்கரைக் கையால் அமத்திப் பார்த்தேன். இறங்கியது. எஞ்சின் இறுகவே இல்லை! கைப்பிடி நேராக இருந்தது, சட்டத்திலே வெடிப்பில்லை. ஓடக்கூடிய வண்டியைத் தகரத்தோடு தகரமாக நிறுத்து விற்றிருக்கிறார்கள். அவர் கொடுத்த காசையும் மேலே கொஞ்சத்தையும் கொடுத்து அதை இறக்கிக்கொண்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. இப்படி எத்தனை வண்டி போயிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதனாலேதான் எழுதுகிறேன்.

2009-க்குப் பிறகு வளர்ந்த உங்களுக்கு இந்த வண்டி யார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'எம்.டி.' என்பது 'மெயில் டெலிவரி' என்பதன் சுருக்கம். ஜப்பான் அஞ்சல் துறைக்கென்றே ஹொண்டா செய்த வண்டி. சிவப்பு நிறமும் அதனாலேதான். அதன் தாய்வண்டி சூப்பர் கப். 1958 ஆவணியிலே சந்தைக்கு வந்தது. சொய்சிரோ ஹொண்டா எஞ்சினைப் பார்த்துக்கொண்டார், அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவா விற்பனையைப் பார்த்துக்கொண்டார். நூடில்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற கடைப்பெடியன் ஒரு கையிலே தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையாலே ஓட்ட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். கிளச்சைக் கையிலிருந்து எடுத்து எஞ்சினுக்குள்ளே தானாக இயங்க வைத்தது அதற்காகத்தான். 2017-இலே அந்த வரிசை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. உலகத்திலே வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கைக்குக் கிட்ட வரவில்லை.

தபாற்காரருக்கு மேட்டிலும் பனியிலும் பெட்டி நிறையப் பாரத்தோடு ஓட வேண்டும். ஆகையால் எம்.டி.க்குச் சின்னச் சில்லும், அப்போதைய கப்பிலே இல்லாத ரெலஸ்கோப்பிக் முன்போர்க்கும், பலத்த கரியரும் போட்டார்கள். அங்கே ஓடி ஓய்ந்த வண்டிகள் பழையதாக எங்களிடம் வந்தன. ஜப்பான் தெருவுக்குச் செய்த அந்தக் கரியர் வன்னியிலே நெல்மூட்டை ஏற்றியது, மீன்பெட்டி ஏற்றியது. மல்லாவி, துணுக்காய்க் கிரவல் வீதிகளிலே ஆசிரியர்மாரையும் குடும்பநல மாதுமாரையும் இயக்கப் பிள்ளைகளையும் ஒரே மாதிரிச் சுமந்தது. பாம்பு கடித்த அயல்வீட்டு அக்காவை நடுவிலே இருத்தி, பின்னாலே அவருடைய தம்பி பிடித்துக்கொள்ள, என் அப்பா தருமபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் எம்.டி.90-இலேதான். அந்த அக்கா இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்.

யுத்தத்திலே அரசு போட்ட பொருளாதாரத் தடை இருந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 1990-க்குப் பிறகு பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் இந்தப் பக்கம் வரத் தடை. வண்டிகள் மண்ணெண்ணெயிலே ஓடின. ஒரு சின்னப் போத்தலிலே கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபரேற்றருக்குள்ளே நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விட வேண்டும். புகை கண்ணைக் கரிக்கும். இரண்டு நாளைக்கொரு தடவை பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். மண்ணெண்ணெய் முழுக்க எரியாமல் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், ஆகவே ஒயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அவை ஓடின. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அரை மெக்கானிக் ஆனதும் அப்போதுதான். பாட்ஸ் இல்லாத ஊரிலே ஒன்றைத் திருத்தத் தெரியாதவருக்கு வண்டியே இல்லை.

எங்கள் வீட்டு எம்.டி.யின் கதையை இனிச் சொல்கிறேன். 2009 தை தொடக்கத்திலே யுத்தம் நெருங்கித் தருமபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. அப்பா இரண்டு மணித்தியாலத்திலே எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கினார். பிளக் துவாரத்தாலே ஒயில் விட்டு, காபரேற்றரைக் கழற்றின வாயையும் சைலன்சர் வாயையும் கிறீஸ் தோய்த்த சீலையால் அடைத்து, பொலித்தீனிலே சுற்றி உரப்பையில் போட்டுக் கட்டினார். பங்கருக்குப் பக்கத்திலே நெஞ்சளவு கிடங்கு வெட்டித் தாட்டு, மேலே சாம்பலைக் கொட்டினார். சட்டத்தைக் கிணற்றடியிலே விட்டுவிட்டு நடந்தோம். பிறகு செட்டிகுளம் முகாம். 2010-இலே மீளக்குடியேற வந்தபோது வீடு இல்லை, சட்டமும் இல்லை. அப்பாவும் இல்லை. கிணற்றுக்கட்டிலிருந்து அவர் எட்டு அடி எண்ணி வைத்தது எனக்கு நினைவிருந்தது. வெட்டினேன். உரப்பை உக்கிப் போயிருந்தது, பொலித்தீன் அப்படியே இருந்தது. பிரித்தபோது பழைய ஒயில் மணம் வந்தது. மகனெற்று நட்டிலே ஸ்பனரை வைத்து மெல்லத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது. ஒரு கோப்பை ஒயிலும் ஒரு துண்டுச் சீலையும் அந்த எஞ்சினை ஒன்றரை வருசம் மண்ணுக்குள்ளே காப்பாற்றியிருக்கின்றன.

மண்ணுக்குள்ளே தாட்ட எஞ்சினே சுற்றும் என்றால், உங்கள் வீட்டுக் கோடியிலே நிற்கிறது ஏன் சுற்றாது?

நீங்கள் செய்கிற முதல் பிழை, வண்டியைக் கண்டவுடனே கிக்கரை உதைப்பது. பத்து வருசம் நின்ற எஞ்சினுக்குள்ளே ஒயில் முழுக்கக் கீழே வடிந்திருக்கும். றிங்ஸ் சிலிண்டர் சுவரோடு கறளால் ஒட்டியிருக்கும். உதைத்தால் அந்தக் கறள் சிலிண்டரைக் கீறும், பிறகு போர் அடிக்கத்தான் வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள். டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு கரண்டி அளவு உள்ளே விடுங்கள். மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு இடப்பக்கக் கவரைத் திறந்து, மகனெற்று நட்டிலே ரிங் ஸ்பனர் வைத்து இப்பக்கமும் அப்பக்கமும் மயிரிழை மயிரிழையாக ஆட்டுங்கள். வரவில்லையென்றால் இன்னும் ஒரு கிழமை விடுங்கள். சுத்தியலை அறைக்குள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலை செய்யுங்கள். நான் பார்த்தவற்றிலே சரிபாதிக்கு மேல் பொறுமையாலேயே இளகியவை.

அந்தக் கவரைத் திறக்கும்போதுதான் பெரும்பாலான வண்டிகள் கெடுகின்றன. ஹொண்டாவின் பூ ஸ்குறூக்களை நன்றாக உற்றுப் பாருங்கள், பலதின் தலையிலே சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருக்கும். அது ஜப்பானின் சொந்த அளவு. கடையிலே வாங்குகிற சாதாரணப் பூ டிறைவர் அந்தக் குழிக்குச் சரியாக இருக்காது. அரைவாசிதான் இறங்கும், பலம் கொடுத்தால் வெளியே துள்ளித் தலையை மழுக்கும். சின்ன வயதிலே ஒரு கராஜிலே எங்கள் வண்டியின் நாலு ஸ்குறூவையும் உளியால் அடித்துக் கழற்றினார்கள். கவரின் விளிம்பும் சேர்ந்து உடைந்தது. அன்றிலிருந்து ஒயில் கசிவு நிற்கவேயில்லை. ஜப்பான் அளவு டிறைவர் ஒன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண டிறைவரின் கூர்முனையை அரத்தாலே கொஞ்சம் ராவி மட்டமாக்குங்கள், அடிவரை இறங்கும். ஸ்குறூவுக்கு ஒயில் விட்டு, டிறைவரை வைத்துத் தலையிலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். ஒரு வண்டியை வீட்டிலே திருத்தலாமா கராஜுக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை அந்தச் சின்ன ஆயுதமே தீர்மானிக்கிறது.

காபரேற்றரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிப் பெற்றோலிலே ஊற வையுங்கள், ஜெற் துவாரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், துவாரம் பெருத்துவிடும். நைலோன் இழை போதும். பெற்றோல் ராங்கிக்குள்ளே கறள் இருந்தால், ராங்கியைக் கழற்றி வினாகிரி நிரப்பி இரண்டு நாள் வையுங்கள். ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, அன்றே வெயிலிலே காயவைத்து, உள்ளே ஒயில் பூசிவிட வேண்டும். ஒரு இரவு ஈரத்தோடு விட்டால் விடியத் திரும்பக் கறள் வந்து நிற்கும்.

எஞ்சின் சத்தம் 'கட கட' என்கிறதென்றால் உடனே 'எஞ்சின் போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். ஹெட்டிலே இரண்டு வட்ட மூடி இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது அவற்றைத் திறந்து, மகனெற்றிலே 'ரி' என்று பொறித்த கோட்டைக் கவரின் கோட்டோடு ஒன்றாக்கி, வால்வின் ரப்பெற் இடைவெளியைப் பாருங்கள். கப் வரிசைக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. பொயின்ற் உள்ள பழைய வண்டியென்றால் அதன் இடைவெளி 0.3-இலிருந்து 0.4 மி.மீ.க்குள். இந்த இரண்டையும் சரியாக வைத்த பிறகு எத்தனையோ 'போன' எஞ்சின்கள் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மகனெற்றைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். அதை மட்டும் இரவல் வாங்கியாவது செய்யுங்கள், உளி வைத்து நெம்ப வேண்டாம்.

சி.டி.125, சி.டி.200 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களுடையது இரட்டைச் சிலிண்டர். ஒரு சிலிண்டர் வேலை செய்யாமலே வண்டி ஓடும், நீங்கள் 'இழுவை குறைவு' என்று நினைத்துக்கொண்டு ஓடுவீர்கள். ஸ்ராட் பண்ணி ஒரு நிமிசத்திலே இரண்டு சைலன்சர்க் குழாயிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒன்று சீறாவிட்டால் அந்தப் பக்கத்துப் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்.

2018 மார்கழி வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே இரவிலே இரணைமடுவின் கீழ்ப்பக்கமும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் போயின. அதிலே மூழ்கிய வண்டிகளைக் காயவிட்டு அப்படியே ஸ்ராட் பண்ணியவர்கள்தான் பியறிங்கை இழந்தார்கள். ஒயில் பார்க்கிற மூடியைத் திறந்தால், தண்ணீர் கலந்த ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருக்கும். அப்படியென்றால் எஞ்சினைச் சுற்றவே வேண்டாம். வடித்து, மலிவான ஒயில் விட்டுச் சுற்றி வடித்து, மூன்றாம் தடவைதான் நல்ல ஒயில். அதையும் மோட்டார் சைக்கிள் ஒயிலாகப் பார்த்து வாங்குங்கள். கப்பின் கிளச் அந்த ஒயிலுக்குள்ளேயே கிடக்கிறது. கார் ஒயில் சிலது அதை வழுக்கப் பண்ணும். வடிக்கிற போல்ற் அலுமினியப் புரியிலே ஏறுகிறது, அதை முறுக்கும்போது கையை அடக்குங்கள்.

இனி, எனக்குக் கோபம் வருகிற விசயம். செயின் கவர் 'வடிவில்லை' என்று கழற்றி எறிகிறீர்கள். பின்மட்காட்டை வெட்டுகிறீர்கள். சைலன்சருக்குள்ளே இருக்கிறதை உருவி ஊரையே எழுப்புகிறீர்கள். அந்த முழுச் செயின் கவரைப் பாருங்கள். சோளகம் எழும்பினால் மாதக்கணக்கிலே வன்னியிலே செம்புழுதி பறக்கும். புழுதியும் ஒயிலும் சேர்ந்தால் செயினுக்கு அது அரம். கவர் உள்ள செயின் வருசக்கணக்கிலே ஓடும், கவர் இல்லாத செயின் ஒரு சோளகத்தோடு தொங்கும். எங்கள் ஊர்ப் புழுதியை அறியாமலே ஜப்பான்காரன் எங்களுக்குச் செய்து அனுப்பியது அது. வண்டியை மினுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சாயம் உரிந்திருந்தால் உரிந்தபடியே இருக்கட்டும். உங்கள் அப்பாவின் முழங்கால் தேய்த்த இடத்தை ஸ்பிறே பண்ணி மறைக்க என்ன அவசரம்?

ஒரு விசயத்திலே கட்டாயம் அவதானமாக இருங்கள். எஞ்சின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் அரத்தாலோ மணல்தாளாலோ தொடாதீர்கள். யுத்தத்திலே பத்திரங்களை இழந்த குடும்பங்களுக்கு, இது எங்களுடையது என்று சொல்ல அந்தப் பொறிப்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே எதைக் கேட்கப் போனாலும் அந்த இலக்கத்தைத்தான் முதலிலே பார்ப்பார்கள். கறளை மண்ணெண்ணெய்ச் சீலையால் துடைத்து, இலக்கத்தைப் படமெடுத்து வைத்துவிட்டு, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள்.

பாட்ஸ் தேடிப் பற்றைக்குள்ளே இறங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன். முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கம் வாகனங்கள் குவிந்து கிடந்த இடங்களிலே இன்னும் மண்ணுக்குள்ளே சட்டமும் சில்லும் கிடக்கின்றன. வெடிக்காதவையும் அதே மண்ணுக்குள்ளேதான் கிடக்கின்றன. இரும்பு பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர்கள் எங்கள் ஊர்களிலே இருக்கிறார்கள். ஒரு கிளச் பிளேற்றுக்காக மண்வெட்டி எடுக்காதீர்கள். கப் வரிசைக்குப் புதுப் பாட்ஸ் தாய்லாந்திலும் சீனாவிலும் செய்து வருகின்றன. கேபிள், ரப்பர், செயின் எதுவென்றாலும் வாங்கலாம். பிஸ்ரன், றிங்ஸ் வாங்கும்போது மட்டும் காசு பார்க்க வேண்டாம். பியறிங்கின் விளிம்பிலே இலக்கம் பொறித்திருக்கும், அது பெரும்பாலும் உலகத்துக்கே பொது இலக்கம். ஹொண்டாக் கடையைத் தேடாமல் எந்தப் பியறிங் கடையிலும் கேட்கலாம்.

"இவ்வளவு மினக்கெடுவதிலும் புதுசு வாங்கலாமே" என்று கேட்பீர்கள். 2020 பங்குனியிலே வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்கள் திரும்ப வர 2025 மாசியாகியது. அந்த ஐந்து வருசமும் பழைய மோட்டார் சைக்கிளின் விலை என்னவாகியது என்பது வாங்கப் போனவருக்குத் தெரியும். 2022 ஆடியிலே கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். என் எம்.டி. லீற்றருக்கு 50 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும். கிழமை முடிய ராங்கியிலே மிச்சமும் இருந்தது, அயலுக்கும் கொடுத்தேன். தடைக்காலத்திலே கற்றது முப்பது வருசம் கழித்து எரிபொருள் வரிசையிலே திரும்பவும் கைகொடுத்தது.

அந்தக் காலத்திலே கற்றவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் தகரக் கொட்டிலுக்குள்ளே இருந்து, சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்கிற ஐயாமார் இன்னும் இருக்கிறார்கள். கண் மங்கிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டிலே. ஸ்கூட்டி திருத்துகிற கராஜ்களிலே அவர்களுக்கு வேலை இல்லை. அறிவியல் நகரிலே இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலே வாகனத் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளிடம் உரிமையோடு கேட்கிறேன். கணினி பூட்டிய எஞ்சினைப் படியுங்கள், அதுதான் உங்களுக்குச் சோறு போடும். ஆனால் ஒரு சனிக்கிழமை இந்த ஐயாமாரில் ஒருவரிடம் போய் ஒரு எம்.டி. எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பாருங்கள். அவர் சொல்லச் சொல்லக் கொப்பியிலே எழுதுங்கள், கைபேசியிலே பதியுங்கள். மண்ணெண்ணெயிலே ஓட வைத்த கதையைக் கட்டாயம் கேளுங்கள். அது எந்த ஹொண்டாப் புத்தகத்திலும் இல்லை.

இந்த மடலை வாசித்து முடித்ததும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. காசு வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். கோடிக்குப் போங்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு கரண்டி ஒயில் விடுங்கள், திரும்பப் பூட்டுங்கள். சைலன்சர் வாயைச் சீலையால் அடைத்து, எலி போகாமல் பாருங்கள். சில்லு நிலத்திலே படாமல் இரண்டு கல்லை வைத்து உயர்த்தி, தறப்பாளால் மூடிவிடுங்கள். திருத்துவது இந்த வருசமோ வருகிற வருசமோ, அது காத்திருக்கும்.

லான்ட்மாஸ்ரரிலிருந்து நான் இறக்கின சிவப்பு எம்.டி. பதினோராம் நாள் ஸ்ராட் ஆகியது. ஒரு பிளக், ஒரு பின் ரியூப், காபரேற்றர்க் கழுவல், ஒரு லீற்றருக்குக் குறைந்த ஒயில், இவ்வளவுதான் போனது. சீற்றுக்குக் கீழே ஒரு பொலித்தீன் உறைக்குள்ளே பிள்ளையார் படமும் ஒரு பாடசாலைத் தவணை அறிக்கையின் பாதியும் இருந்தன. எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். விசுவமடுவிலே அந்த வண்டியை விற்ற வீட்டார் இதை வாசித்தால், தருமபுரத்துக்கு வாருங்கள். எம்.டி. வைத்திருக்கிற ஆள் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். இரும்புக்காரர் உங்களுக்குத் தந்த காசை மட்டும் தாருங்கள், வண்டியைக் கொண்டுபோகலாம்.